நீ நீலம் பூசி விற்ற பீப்பாய்கள்

தேசிங்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் இல்லை. உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மஞ்சள் தடவிய மூலைகளைப் பார்த்தேன். அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறாய். என் பெயர் இருக்கிறது, உன் தாய்மாமன் பெயர் இருக்கிறது. அவர் பெண்டாட்டி, உன் அத்தையின் பெயர் மட்டும் இல்லை. அவள் பெயருக்கு முன்னாலும் காலஞ்சென்ற என்று போட வேண்டியிருக்குமே, அதற்குக் கை வரவில்லையா? இல்லை, எப்போது, எதனால் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயமா? இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. நம் பட்டறைக் காசிம் பாய் கையில் திறந்தபடியே கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் கேட்டாலும் படிக்கக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மாமனார் முதலில் வாங்கிப் படித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

நீ செய்த காரியத்தை நீ இதுவரை தொழில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதனால் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன் அப்பா பிறந்தது கடலுக்குப் போகிற குடும்பத்தில். கட்டுமரம் பிடிக்காமல் துறைமுகத்தில் தகர வேலைக்குப் போனார். கத்திரி பிடிக்கவும் மரச்சுத்தியால் தட்டி மடிக்கவும் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு ராயபுரத்துச் சந்தில் சொந்தமாகப் பட்டறை போட்டார். அவர் வெட்டி மடித்துப் பற்றவைப்பார். அதற்கு மேல் உள்ள வேலை எல்லாம் என்னுடையது. திராவகம் தடவித் துருவை எடுப்பேன். காரத்தண்ணீரில் அலசுவேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காயவைத்து, பெயின்ட் அடிப்பேன். டிரங்குப் பெட்டி மூடியில் நான் போட்ட ரோஜாப்பூவைப் பார்த்துத்தான் மண்ணடிக் கடைக்காரர்கள் வாங்கினார்கள். எங்கே துரு இருக்கிறதோ அங்கே தாள் போட்டுத் தேய்க்காமல் பெயின்ட் அடித்தால், ஆறே மாதத்தில் அந்த இடம் பொரிபொரியாகக் கிளம்பும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். தூரிகையை எப்படிப் பிடிப்பது, கோடு தெரியாமல் எப்படி இழுப்பது என்று கைப்பிடித்துக் காட்டினேன். அந்தக் கைதான் பீப்பாயில் இருந்த மண்டையோட்டுப் படத்தின் மேல் நீலப் பெயின்ட் அடித்தது.

சண்டைக் காலத்தில் நடந்த ஒன்றை உன் அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் இப்போது நான் சொல்கிறேன். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. துறைமுகத்துப் பக்கத்தில் இருந்த நாங்கள் ஓடவில்லை. எனக்கு விஷக்காய்ச்சல். எழுந்து நிற்க முடியாது. அப்போது பட்டாளத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் கண்டிராக்டர் ஒருவர் வண்டி நிறையப் பழைய பீப்பாய் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, சிப்பாய்களுக்குத் தண்ணீர் பிடிக்கத் தர வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார். உன் அப்பா ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, உளியை வைத்து அடியை வெட்டி எடுத்தார். அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் இடத்தில் இரண்டையும் சேர்த்து மடித்து இறுக்கியிருப்பார்கள் இல்லையா, அந்த மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கறுப்பாக, பிசின் மாதிரி, ஏதோ அப்பியிருந்தது. "சார், எத்தினி தபா கய்வினாலும் இது போவாது. மடிப்புக்குள்ள பூந்தது மடிப்ப பிரிச்சாத்தான் வரும். அடிய வெட்டிட்டு புது அடி போட்டுத் தரேன். இஸ்டம்னா குடு, இல்லாங்காட்டி வண்டிய திருப்பு" என்றார். கண்டிராக்டர் கத்தினார். உன் அப்பா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் புது அடி போட்டுத்தான் பீப்பாய்கள் போயின. கட்டிலில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் நான் பார்த்தேன்.

நீ அங்கே இல்லை. ஏன் இல்லை தெரியுமா? என் காய்ச்சல் உனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று, திருவொற்றியூருக்கு வடக்கே நம் குப்பத்திலிருந்து என் அண்ணி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். கன்னியம்மா, உன் அத்தை. அவளுக்குப் பிள்ளை இல்லை. குண்டு விழும் என்று ஊரே ஓடுகிற நாளில் அடுத்தவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தவள் அவள். நெத்திலியில் முள் எடுத்து எடுத்து உன் வாயில் வைத்தவள். நான் தேறி வந்து உன்னைக் கூப்பிட்டபோது நீ அவள் சேலைத் தலைப்பை விடமாட்டேன் என்று அழுதாய். "இருக்கட்டுமே, இன்னும் நாலு நாளு எங்கூட இருந்துட்டு வரட்டும்" என்று அவளும் அழுதாள். எனக்கு அன்று பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது போன வருஷத்துக்கு வருகிறேன். அப்பா போன பிறகு நானும் காசிம் பாயுமாகப் பட்டறையை ஓட்டினோம். நீ தலையெடுத்தாய். எனக்குத் தோள்பட்டை தூக்க முடியாமல் போனதும், "நீ வூட்ல குந்து, நான் பாத்துக்கறேன்" என்றாய். சரி என்றேன். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரத்தில் கொட்டகை எடுத்தாய். பழைய பீப்பாய் வாங்கித் தண்ணீர்த் தொட்டி செய்கிறேன் என்றாய். நல்லதுதானே, பைப்பு வராத குப்பங்களில் பானை உடைந்துகொண்டே இருக்கிறது, பீப்பாய் இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். நம் குப்பத்துக்குத்தான் முதலில் கொடுத்தாய். கை வண்டியில் வைத்து நீலநிறத்தில் பளபளவென்று கொண்டுபோய் இறக்கினாய். உன் அத்தை வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டாள். "பாருங்கடீ, எம்புள்ள செஞ்சது. மூஞ்சி தெரியுது பாரு உள்ள" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். உள்பக்கம் நீ அடித்திருந்த வெள்ளிப் பெயின்ட் அப்படி மின்னியது. பீப்பாய்க்குக் குங்குமம் வைத்தாள். கேட்கிறாயா? குங்குமம் வைத்தாள்.

மழை முடிந்த கொஞ்ச நாளில் குப்பத்தில் வாந்திபேதி என்று ஓர் ஆள் வந்து சொன்னான். நான் ஓடினேன். அண்ணன் பாயில் சுருண்டு கிடந்தார். அண்ணி அவருக்குப் பணிவிடை செய்துகொண்டே தானும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவதும் வருவதுமாக இருந்தாள். காலரா என்றார்கள். கிணற்றில் வெள்ளைப் பவுடரைக் கொட்டி மேலே பலகை போட்டு மூடிவிட்டார்கள். லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. அந்த நல்ல தண்ணீரை எதில் பிடித்து வைத்தோம்? உன் பீப்பாயில். கிணற்றை மூடினால் நோய் இறங்க வேண்டும். இறங்கவில்லை. பீப்பாய் இல்லாத ஏழைக் குடிசைகளில், மண்பானையில் தண்ணீர் பிடித்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். பீப்பாய் வைத்திருந்த வீடுகளில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை.

நான் கஞ்சி காய்ச்சினேன். அந்தப் பீப்பாய்த் தண்ணீரில்தான் காய்ச்சினேன். உப்புப் போட்டு, ஆற்றி, அண்ணியின் தலையை மடியில் வைத்து, என் கையால் ஊற்றினேன். "நீ குடி, ஒனக்கு சரியா பூடும்" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊற்றினேன். தேசிங்கு, இதை நீ நிறுத்தி, இரண்டு தரம் படிக்க வேண்டும். மறுநாள் காலையில் பீப்பாயில் தண்ணீர் அடிவரை இறங்கியிருந்தது. அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. மேல் தண்ணீரைத் தெளிவாக மொண்டு வருகிறவர் போகிறவருக்கும் அண்ணனுக்கும் கொடுப்பாள். அடியில் கலங்கியது அவளுக்கு. வீணாக்க மாட்டாள். அதனால்தான் அண்ணனைவிட அவள் உடம்பு அதிகம் கெட்டது என்று எனக்குப் பிறகு புரிந்தது. அன்று நான் அடித்தண்ணீரை மொண்டபோது செம்பில் வெள்ளிச் செதிள் மிதந்தது. மீன் செதிள் என்றுதான் நினைத்தேன். விரலால் எடுத்துப் பார்த்தேன். பெயின்ட். பீப்பாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடி மடிப்பு நெடுக உன் பெயின்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் வெளுத்த மாவு மாதிரி ஏதோ கசிந்து நின்றது.

மீன் வெட்டும் கத்தியை எடுத்து வெளிப்பக்கம் நீலத்தைச் சுரண்டினேன். நன்றாகத்தான் அடித்திருந்தாய், லேசில் வரவில்லை. வந்தபோது கறுப்பாக ஒரு எலும்பு தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மண்டையோடு. தோல் பதனிடும் கிடங்குகளுக்குக் கப்பலில் வருகிற பாஷாணம் அது. ஆட்டுத்தோலில் மயிர் உதிர்ப்பதற்குப் போடுவது. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்றுதானே அந்தப் படத்தைப் போடுகிறார்கள்? நீ படித்தவன், உனக்குப் படமும் புரிந்தது, எழுத்தும் புரிந்தது. அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு அடித்திருந்தாய்.

யாரும் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று பக்கத்து வீட்டில் கத்திவிட்டு, நேரே கொருக்குப்பேட்டைக்கு வந்தேன். நீ கொட்டகை வாசலில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். அன்று நாம் பேசியது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

"இன்னாம்மா, வந்து நின்னுகினு மூச்சு வாங்கறே?"

"அந்தப் பீப்பாலாம் எங்கேந்து வாங்கினே?"

"ஏலத்துல. இன்னா இப்போ?"

"இன்னா இருந்துச்சு உள்ளே?"

உன் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தாய். "சொம்மா கத்தாதே. காரம் போட்டு கய்விகீது. திராவகம் வுட்டு அலசிகீது. அப்பால பெயின்ட்டு அடிச்சிகீது. ஒண்ணும் ஆவாது."

"அடிய வெட்டினியாடா?"

நீ பீப்பாய்கள் பக்கம் திரும்பிக்கொண்டாய். பின்னால் காசிம் பாய்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கைகளை அப்போதுதான் பார்த்தேன். பீப்பாய் கழுவிக் கழுவித் தோல் உரிந்து சிவந்திருந்தன. "நான் சொன்னேம்மா" என்றார் மெதுவாக. நீ அவரை முறைத்தாய்.

"அடிய வெட்டி மாத்தறதுன்னா இன்னா வேலைன்னு தெரியுமா ஒனக்கு? அந்த நேரத்துல பத்து பீப்பா முடிச்சுடலாம்" என்றாய். "குப்பத்துல காலரான்னு ஊரே சொல்லுது. நீ எதுக்கு அத என் தலைல கட்டறே?"

"ஒங்க அத்த சாவக் கெடக்கறாடா."

ஒரு நிமிஷம் நீ தடுமாறினாய். அதை நான் மறைக்கவில்லை. உன் கண் கலங்கியது. அந்த ஒரு நிமிஷத்தில் நீ என்னோடு கிளம்பி வந்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது. ஆனால் நீ என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், தாழ்ந்த குரலில் கெஞ்சினாய். "அம்மா, பொண்ணு பேசி முடிச்சிகீது. அவங்க பெரிய பட்டறைக்காரங்க. இது வெளிய தெரிஞ்சா எல்லாம் பூடும். கல்யாணம் முடியற வரைக்கும் வாய மூடிகினு இரு. பீப்பாய நைசா நானே திருப்பி எடுத்துக்கறேன்." கல்யாணம் முடியும் வரை. அதுவரை அவர்கள் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

உன் பட்டறையிலிருந்தே உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டேன். காசிம் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். குப்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீரைக் கடல் மணலில் கவிழ்த்தோம். என் தோள் தூக்காது என்று உனக்குத் தெரியும். அன்று தூக்கியது. அடிகளை வெட்டி மடிப்பைப் பிரித்துப் பிரித்துக் காட்டினேன். அந்த வெளுத்த மாவு எல்லாவற்றிலும் இருந்தது. என் மகன் செய்தது என்று என் வாயாலேயே சொன்னேன். ஒரு பெண் என் முகத்தில் மணலை வாரி அடித்தாள். அடித்துக்கொள் என்று நின்றேன். வெட்டிய அடி ஒன்றை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அண்ணன் பிழைத்தார், உள்ளங்கால் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. அண்ணிக்கு நேரமாகிவிட்டது. போவதற்கு முன் அவள் கேட்டது உன்னைத்தான். "தேசிங்கு வந்துகினு இருக்கானா?" என்றாள். வருகிறான் என்றேன். நீ வரவில்லை. எடுக்கும்போதும் வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை.

போலீசுக்குப் போக வேண்டும் என்று குப்பத்து ஆண்கள் சொன்னார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்தது அண்ணன்தான். போன வாரம் உன் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பு ஊன்றி, இங்கே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, தாய்மாமன் இல்லாம அவன் எப்படி மாலை போட்டுப்பான்? நான் போறேன். நீயும் வா. கன்னியம்மா இருந்தாலும் போன்னுதான் சொல்லியிருப்பா" என்றார். அவர் அழவில்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டாராம். அதைக் கேட்டதும் என் கோபம் தணியும் என்று நினைத்திருப்பார் போல. எனக்கு இன்னும் ஏறியது. உனக்காக இப்படி ஒரு மனுஷன் இறங்கி வருகிறார், நீயோ அவர் வாசலை மிதிக்காமல் அச்சடித்த காகிதத்தை அனுப்புகிறாய்.

அண்ணனிடம் நான் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். அவர் பெண்டாட்டிக்காக அவர் மன்னிக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் நம் குப்பத்துக்குப் போனது நீ செய்ததில் கொஞ்சம்தான். மிச்சம் எங்கே? அன்று கிளம்பும்போது கேட்டேன், யாருக்கு விற்றேன் என்று ஞாபகமில்லை என்றாய். பெயின்ட் கலவையில் எத்தனை சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று ஒருமுறை சொன்னதை வாழ்நாளெல்லாம் மறக்காதவன் நீ. உனக்கா ஞாபகமில்லை? காசிம் பாய்க்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு கை வண்டி புளியந்தோப்புப் பக்கம் போயிற்று, ஒன்று வள்ளூர் பக்கம் போயிற்று. அதை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அலைகிறோம். எண்ணூர் போகிற வழியில் ஒரு டீக்கடையில் உன் நீலத்தைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது, என் கை வாட்டம் உனக்கு அப்படியே வந்திருக்கிறது. கடைக்காரர் முதலில் அடிக்க வந்தார். சுரண்டிக் காட்டியதும் அவரே கொட்டினார். அவர் பீப்பாயில் துணி துவைக்கத்தான் தண்ணீர் வைத்திருந்தார். எல்லாரும் அப்படி வைத்திருப்பார்களா?

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் நல்லவள் என்று கேள்விப்பட்டேன். அவளும் நாளை உன் வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பாள். நீ கொண்டுவந்து கொடுத்த எதையும் சுரண்டிப் பார்க்காமல்தான் குடிப்பாள். அவளுக்காகவாவது யோசி. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் தலையில் அட்சதை போட என் கைக்கு இன்னும் ஆசை இருக்கிறது, அதுதான் எனக்கு வருகிற ஆத்திரத்திலெல்லாம் பெரிய ஆத்திரம். ஆனால் முகூர்த்தத்துக்கு முன் நீ வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் நான் மண்டபத்துக்கு வருவேன். தாலியை எடுத்துக் கொடுக்கும்போது, சபைக்கு நடுவே, மிச்சப் பீப்பாய்கள் எங்கே என்று கேட்பேன். கெட்டி மேளம் அடித்தாலும் கேட்பேன்.

நாளைக் காலையில் காசிம் பாயும் நானும் புளியந்தோப்புக்குப் போகிறோம். எந்தச் சந்து, எந்த வீடு என்று நீ சொன்னால் நேரே போய் நிற்போம். சொல்லாவிட்டால் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நாங்கள் போய்ச் சேருகிற வரைக்கும் அங்கே யாரோ மொண்டு குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மா